காகிதத்தில் விழுந்த கை

பிரஸ் மறுபடியும் நின்றது. உள்ளே யாருடைய கையும் இல்லை.

சீன யுத்தம் முடிந்த மறு வருஷம். பட்டாளத்து ஆர்டர்கள் குவிந்து கிடந்த அந்தப் பெங்களூர் தொழிற்சாலையில், தகடு வெட்டும் பெரிய பிரஸ்ஸுக்கு மட்டும் முன்பக்கம் ஒரு வெளிச்சக் காவல் உண்டு. ஒரு தூணில் விளக்கு, எதிர்த் தூணில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணாடிக் கண். நடுவே கை நுழைந்தால் மெஷின் இறங்காது. இன்றைக்கோ, கை நுழையாமலே இறங்க மறுத்தது.

"சும்னே, காரணமே இல்லாம நின்னு நின்னு போவுதுண்ணா," என்றான் ஆதிகேசவன், பிரஸ் ஓட்டுபவன். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

எலெக்ட்ரீஷியன் ரெமிஜியஸ் விளக்கை மாற்றினான், கண்ணாடியைத் துடைத்தான், கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து சூடான வார்னிஷ் வாடைக்குள் தலையை விட்டு ரிலே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெளிச்சம் நேராக விழுகிறதா என்று பார்க்க, கண்ணாடிக் கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்து வைத்து விலகி நின்றான்.

காகிதத்தில் ஒரு கையின் நிழல் விழுந்தது.

ஐந்து விரலும் விரிந்த கை. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. லிங்கராஜபுரம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து கோணிப்போன தன் சுண்டுவிரலை ரெமிஜியஸ் பார்த்தான். கையைப் பொத்திக்கொண்டான். நிழல் பொத்திக்கொள்ளவில்லை.

இந்தக் கை என்றைக்கோ உள்ளே போகப்போகிறது, மெஷினுக்கு அது முன்னாலேயே தெரிந்துவிட்டது என்று நினைத்தான். பிறகு இன்னொன்றும் நினைத்தான். வேறு ஒரு கை கிடைத்தால் இதை விட்டுவிடுமோ?

அதிகாரி ஸ்ரீகண்டன் வந்தார். "இன்னுமா ஆகலை? லைட்டை விட்டுத் தள்ளும். டைரக்டா ஜாயின் பண்ணிடும். சாயங்காலத்துக்குள்ள ஓடணும்."

ரெமிஜியஸ் கன்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கம்பியை மாட்டிக் காவலை ஏமாற்றினான். இனி வெளிச்சம் மறைந்தாலும் மெஷின் இறங்கும்.

ரிப்பேர் முடிந்தால் முதல் அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்குவது அங்கே வழக்கம். பழத்தை வைப்பது ரிப்பேர் செய்தவன்.

"நான் வேதக்காரன்பா. நீயே வை," என்றான் ரெமிஜியஸ், டீ குடித்துத் திரும்பியிருந்த ஆதிகேசவனிடம். இத்தனை வருஷம் வைத்தவன்தான். அன்றைக்குத்தான் கிறிஸ்தவ வேதம் நினைவுக்கு வந்தது.

"லைட்டு வேலை செய்யுதில்லண்ணா?"

"செய்யுது."

கை உள்ளே இருக்கும்போதே பெடலை மிதித்துவிடுவது ஆதிகேசவனின் பழக்கம். கையை எடுத்த பிறகுதான் மெஷின் இறங்கும், வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பழம் உருளாமல் விரல்களால் பிடித்துக்கொண்டு மிதித்தான்.

பழம் நசுங்கிய சத்தம் தனியாகக் கேட்கவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மோட்டாரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ரெமிஜியஸ் மட்டும் பின்தங்கினான். யாராவது பார்ப்பதற்குள் கம்பியை எடுத்துவிட வேண்டும். பெட்டிக்குப் போகிற வழியில் அந்தக் காகிதம் இன்னும் சாய்ந்தபடி இருந்தது. நிழல் போயிருக்குமா என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

போகவில்லை. அதே கை. அதே கோணல் விரல்.

இப்போது அதன் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது. முழு விரல்களோடு.

அவன் மணிக்கட்டில் ஈரம். எலுமிச்சை வாசனை. இழுப்பு.

தூணைப் பற்றினான். வழுக்கியது. விரல்கள் வெளிச்சத்துக்குள் போயின. நின்றுவிடும், வெளிச்சம் மறைந்தால் நின்றுவிடும்...

கம்பி பெட்டிக்குள் இருந்தது.

பெடல் தானாக இறங்கியது.