கோடாவுக்கு என்னா போட்டீங்க?

"மாமி, நீங்க கோயிலுக்கு வர வேணாம். எங்கம்மா வீட்டுலருந்து எல்லாரும் வர்றாங்க... ஜெயிலுக்குப் போன கையில புள்ளையக் குடுத்தா என்னா நெனைப்பாங்க!"

அனுஷ்கா குழந்தைக்கு வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். மாமியார் மரியநாயகி அடுப்பு ஊதுவதை நிறுத்தவில்லை. பேரனுக்கு இன்று ஞானஸ்நானம். சிறையிலிருந்து திரும்பி இரண்டு மாதமாகியும் அவனை அவள் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் பின்னால் பற்றைக்குள் இருந்த கள்ளச்சாராயக் கசிப்புப் பீப்பாயைப் பொலிஸ் பிடித்தபோது, "என்னோடதுங்க ஐயா" என்று முன்னால் போய் நின்றவள் அவள்தான். மகன் றொக்சன் வாய் திறக்கவில்லை. அப்போது அனுஷ்கா வாயும் வயிறுமாக இருந்தாள். தண்டம் கட்ட வழியில்லாமல் மரியநாயகி ஆறு மாதம் உள்ளே கிடந்தாள்.

மகள் ஷாமிலா கொழும்பில் குற்றவியலில் முதுமாணிப் படிப்புப் படிக்கிறாள். அந்தப் படிப்புக்காரிக்கு இப்படியொரு தாயா என்று லயமே சிரித்தது. அவளும் சிறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நேற்றுப் பின்னேரம் கொட்டகலையில் ரயிலை விட்டு இறங்கி வந்தவள், இன்னும் தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அடுப்படியில் வந்து குந்தினாள்.

"அம்மா, கசிப்பு காய்ச்சுனது நீங்கதானே? ஊற வைக்கிற கோடாவுக்கு என்னா போட்டீங்க?"

"என்னாடி கேள்வி இது, நல்ல நாளும் அதுவுமா..."

"சொல்லுங்க."

மரியநாயகி முழித்தாள். "அரிசி... அரிசிய ஊறப் போட்டு..."

"ஆய்வுக்காக வேற ஜெயிலுக்குப் போயி, கசிப்பு கேசுல இருக்குற பொம்பளைங்களோட பேசுனேன்மா. காய்ச்சுனவங்க சீனி, ஈஸ்ட்டுன்னு மூச்சு விடாம சொல்றாங்க. மத்தவங்க இப்புடித்தான் முழிக்கிறாங்க. புருஷனுக்காக... மகனுக்காகப் போனவங்க!" ஷாமிலாவின் குரல் உடைந்தது. "அவங்க பக்கத்துல எல்லாம் உக்காந்து அழுதேன். பெத்தவளப் பாக்க வரல. பாவிம்மா நான்..."

"வாய மூடுடி! நான்தான் காய்ச்சுனேன். நாலு எழுத்து படிச்சுட்டா நீ என்னா பெரிய கோர்ட்டா?"

அனுஷ்காவின் விரல் உடுப்பின் பொத்தானில் நின்றது. கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. கோடாவுக்கு என்னா போடுவாங்க?"

றொக்சன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டே இருந்தான். தலை நிமிரவில்லை.

"என் வயித்துல புள்ள இருந்துச்சேன்னா மாமி போனீங்க?" என்றாள் அனுஷ்கா. "நான் என்னென்ன பேசிட்டேன்! சாப்புடுற தட்டக்கூடத் தனியா வச்சேனே... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ அவனோட இருந்திருப்பியா?"

அனுஷ்கா கடைசிப் பொத்தானைப் பூட்டினாள். குழந்தையைத் தூக்கி வந்து மாமியாரின் மடியில் வைத்தாள். புகை மணக்கும் அந்த மடியில் அது வீறிட்டு அழுதது, பழகாத ஆள். மரியநாயகி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஷாமிலா இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கோயில் மணி அடித்தது.

"நீங்கதான் தூக்கிட்டு வரணும் மாமி," என்றாள் அனுஷ்கா.

றொக்சனை அவள் கூப்பிடவில்லை.