மழையென்று நினைத்த முகம்

"அழுதுக்கிட்டிருக்கிறவளைக் கேட்காம படம் எடுக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

"சத்தியமா மழைன்னுதான் நெனச்சேன்... கன்னத்துல வழிஞ்சது கண்ணீர்னு தெரியலைங்க."

பிஜித் தலைநகர் சுவாவின் பேருந்து நிலையத்துக்கு எதிரே, படக்கடைக் கண்ணாடிக்குள் ஆளுயரப் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள் உனைசி. வெளியே நிஜ உனைசி, கண்ணில் பொறி பறக்க. படம் எடுத்த இசிகேலி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சிட்னி கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கு. பார்க்கிறவங்க எல்லாம் அழகா இருக்குன்னு..."

"பார்க்கிறவங்களுக்கு அது அழகு. எங்க அப்பாவுக்கு அது நான்! நர்ஸ் பரீட்சையில ஃபெயிலானதை இன்னும் வீட்டுல சொல்லலை. நாளைக்குக் கிழங்கு விக்க இந்த வழியாத்தான் வருவார்."

எவ்வளவு பெரிய கண்கள் இவனுக்கு... இருந்தும் எவ்வளவு குருடு! அவள் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அன்று மாலையே படம் இறங்கியது. ஆனால் அப்பா அன்று காலையிலேயே சந்தைக்கு வந்து, அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் திட்டவில்லை. "ஊருக்கே காட்டுன அழுகையை எனக்குக் காட்டக்கூடாதா, மகளே?" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்...

சனிக்கிழமை, நௌசோரியில் அவர்கள் வீட்டு வாசலில் இசிகேலி வந்து நின்றான். கூடவே தாய்மாமன், கையில், இடித்துக் கரைத்துக் குடிக்கும் காவா வேரின் கட்டு. அந்த ஊரில், செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள்.

பாயில் அமர்ந்ததும் மாமன் தொண்டையைச் செருமினார். அக்கா பிள்ளைகள் எட்டுப் பேருக்குப் பெண் கேட்டுப் பழகிய வாய்... அது தன் வழியிலேயே போயிற்று.

"உங்க வீட்டுப் பொண்ணை எங்க வீட்டுக்கு..."

"மாமா! மன்னிப்பு... மன்னிப்புக் கேட்க வந்தோம்!" இசிகேலி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அதானே பார்த்தேன்!" என்றார் அப்பா. "பொண்ணு கேட்கிறவங்க திமிங்கலப் பல் இல்லாம வெறும் வேரைத் தூக்கிட்டு வருவாங்களா?"

வீடே சிரித்தது. உனைசி மட்டும் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "அழுதது நீ. இதை வாங்கட்டுமா, வேண்டாமா?"

"சிட்னிக்கு அனுப்பலைங்க" என்றான் இசிகேலி, தலை நிமிராமல். "படத்தையும் அழிச்சுட்டேன்."

அவள் மெல்லத் தலையசைத்தாள். அப்பா உள்ளங்கையைக் குவித்துக் கைதட்டி, வேரை ஏற்றுக்கொண்டார்.

மாமன் இரண்டாவது கிண்ணம் காவாவில் லயித்திருந்தபோது, இருவரும் தகரக் கூரையின் கீழே நின்றார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"அழிக்கும்போதும் என்னைக் கேட்கலை, இல்ல?"

"ஐயோ... அதுவும் தப்பா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"படம் போயிடுச்சுங்க. முகம்தான் போகமாட்டேங்குது... மாமா இன்னைக்கு வாய் தவறிச் சொன்னதைத்தான் நான் மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருக்கேன். உனைசி... அடுத்த தடவை திமிங்கலப் பல்லோட வரட்டுமா?"