ப்ளோயர் நின்ற பிறகு

வைப்பரின் சத்தத்தோடு கூட வந்துகொண்டிருந்த இன்னொரு சத்தம் இல்லாமல்போனதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள். காருக்குள் காற்றடிக்கும் ப்ளோயர் நின்றிருந்தது. வழக்கமாக அதை அணைத்தால் உள்ளே விசிறி இழுத்து, முனகி, மெல்ல மெல்லத்தான் ஓயும். இப்போது அப்படி எதுவும் இல்லை. கதவுக்கு அந்தப்புறம் நின்று ஒட்டுக்கேட்கிற ஒருவர், காலடி ஓசை கேட்டதும் சட்டென்று மூச்சை அடக்கிக்கொள்வாரே, அப்படி நின்றிருந்தது.

நாத்தனார் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து எதிரே வரும் வண்டிகள் விளக்குப் போடத் தொடங்கியிருந்தன. பின்சீட்டில் மகள் பெல்ட்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்கண்ணாடி பனிக்க ஆரம்பித்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை பார்ப்பவள். கண்ணாடியில் ஆவி படிவது அவளுக்குப் புதிதல்ல. மூடிய காருக்குள் இரண்டு பேர் மூச்சுவிட்டால் முதலில் ஓரங்கள் மங்கும், பிறகுதான் நடுப்பகுதி. இதுவோ நடுவில் தொடங்கியது. டாஷ்போர்டுக்கு மேலே, காற்று வரும் துவாரத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றி வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதுவார்களே, அதே வட்டம். பையிலிருந்து கடைத்துணியை எடுத்துத் துடைத்தாள். அதே இடத்தில் மறுபடி வந்தது. இந்த முறை இன்னும் பெரிதாக.

சாலையோரம் பூட்டிக்கிடந்த டயர் கடையின் தகரக் கொட்டகைக்குள் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். மழை தகரத்தில் விழுந்து காதை அடைத்தது. தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை டாஷ்போர்டின் மேல் சாய்த்துவைத்தாள்.

"என்னக்கா, எங்கயாவது கொண்டுபோய்ச் சொருகிட்டியா?"

"நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? ப்ளோயர் நின்னுபோச்சுடா. முன்னாடி ஒண்ணுமே தெரியல. பாப்பா வேற பின்னாடி தூங்குறா."

தம்பி வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். போன மாதம் இந்தப் பழைய காரைத் தேடிப்பிடித்து அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"ஃபியூஸ் போயிருக்கும், வேற ஒண்ணுமில்ல. சாவியை அணைச்சுட்டு ஸ்டியரிங்குக்குக் கீழ பாரு. முழங்கால் இடிக்கிற இடத்துல ஒரு மூடி இருக்கும். இழுத்தா கையோட வந்துரும்."

குனிந்து இழுத்தாள். வந்தது. உள்ளே மிட்டாய் நிறங்களில் சின்னச் சின்ன வில்லைகள் வரிசையாகச் செருகியிருந்தன. மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருந்தது. விசிறிப் படத்துக்கு நேராக இருந்தது ஒரு பச்சை வில்லை. தம்பி சொன்னபடி பெட்டியிலேயே மாட்டியிருந்த பிளாஸ்டிக் இடுக்கியால் அதைப் பிடுங்கி, போன் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளிருந்த மெல்லிய கம்பி அறுந்து, சுற்றிலும் கருகியிருந்தது.

"அறுந்துதான் இருக்கு."

"சொன்னேன்ல? ஓரத்துல இன்னொரு பச்சை செருகி வச்சிருக்கேன், அதை எடுத்துப் போடு. ஒரு கூத்து தெரியுமா, வாங்குறப்ப அந்த இடம் காலியாத்தான் கெடந்துச்சு. யாரோ பிடுங்கி எடுத்திருக்காங்க. நான்தான் புதுசு வாங்கிப் போட்டேன்."

"ஏன் பிடுங்கினாங்க?"

"யாருக்குத் தெரியும்? குளிர் ஒத்துக்காத ஆளுங்களா இருக்கும்."

புது ஃபியூஸைக் கட்டைவிரலால் அழுத்தினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. சாவியைத் திருப்பி, ப்ளோயர் குமிழை ஒன்றாம் எண்ணில் வைத்தாள்.

காற்று வந்தது. அவளுக்கு உயிர் திரும்பியதுபோல இருந்தது, ஒரு கணம்தான். விசிறி சுற்றும் சத்தமே கேட்கவில்லை. வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது, ஈரமாக இருந்தது, முகத்தில் பட்டு அங்கேயே தங்கியது. காலையில் கண்விழித்ததும் வாயில் ஒரு வாடை இருக்குமே, அந்த வாடை.

"வருதாக்கா?"

"வருது. ஆனா ஒரு மாதிரி வருதுடா."

"ஒரு டிஷ்யூவைத் துவாரத்துக்கிட்ட பிடிச்சுப் பாரு. நல்லாப் பறக்கணும்."

பிடித்தாள். மெல்லிய காகிதம் அவள் பக்கமாக எழும்பி ஆடியது. தணிந்தது. தொங்கியது. பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் வளைந்து, துவாரத்தின் பட்டைகளில் போய் அப்பிக்கொண்டது.

விரலை எடுத்தாள். விழவில்லை.

"அக்கா." தம்பியின் குரலில் சிரிப்பு இல்லை. "போனுக்குப் பக்கத்துல யாரு அப்படி மூச்சு வாங்குறது?"

"பாப்பாதான்" என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தாள். மகள் பின்சீட்டின் மூலையில், வாய் மூடி, சத்தமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் டாஷ்போர்டின் மேல் இருந்தது. துவாரத்துக்கு அருகில்.

டிஷ்யூ விடுபட்டு அவள் மடியில் விழுந்தது. முகத்தில் மறுபடி அந்த வெதுவெதுப்பு.

குமிழைத் திருகி அணைத்தாள். காற்று வந்தது. சாவியை உருவினாள். டாஷ்போர்டின் விளக்குகளெல்லாம் அவிந்தன. காற்று வந்தது. இருட்டில் குனிந்து, இடுக்கியைத் தேடப் பொறுமையில்லாமல், நகத்தாலேயே நெம்பி அந்தப் பச்சை ஃபியூஸைப் பிடுங்கிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

காற்று நின்றது.

காத்திருந்தாள். தகரத்தில் மழை.

பிறகு அது உள்ளே இழுத்தது. நீளமாக. முன்நெற்றி முடி துவாரத்தின் பக்கம் சாய்வதை அவள் உணர்ந்தாள்.

போனை எடுத்ததும், பின்கதவைத் திறந்ததும், பெல்ட்டை அவிழ்த்ததும் பிறகு நினைவில் இல்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையின் தூணோடு ஒட்டி நின்றிருந்தாள். கதவை அறைந்து சாத்தினாள். அது மட்டும் நினைவிருந்தது. குழந்தை சிணுங்கிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது. கழுத்தில் அதன் மூச்சு சின்னதாக, சூடாகப் பட்டது. அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"அங்கேயே இரு, வர்றேன்" என்றிருந்தான் தம்பி. பக்கத்து ஊரில்தான் வேலையாக இருந்தான். சீக்கிரமே வந்துவிட்டான். வேனிலிருந்து இறங்கி, மழைக்கோட்டின் பொத்தான்கள் தொப்பைமேல் தெறிக்கப் பார்க்க, டார்ச்சை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"ஏன்க்கா ஆவியைக் கண்ட மாதிரி நிக்கிற?"

"உள்ள போகாதடா."

"சரி, என்னதான் ஆச்சு?"

"எல்லாத்தையும் அணைச்சிட்டேன். அப்பவும் காத்து வருது. வருது, போகுது." ஃபியூஸை நீட்டினாள்.

"இதைக் கையில வச்சுக்கிட்டு காத்து வருதுன்னா எப்படிக்கா வரும்?"

"அதைத்தான்டா நானும் கேக்குறேன்."

அவன் சிரித்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவள் பயந்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். மழைக்கோட்டைக் கழற்றி அவள் தோளிலும் குழந்தையின் தலையிலுமாகப் போர்த்தினான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"வேணாம். வேன்ல போயிடலாம். காலையில பாத்துக்கலாம்."

"ஒரு நிமிஷம்க்கா. சாரல்ல பாப்பா நனையுது பாரு, நீ தள்ளி நில்லு."

அவள் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்தான். சாரலுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டான்.

டார்ச் வெளிச்சம் உள்ளே அலைந்தது. அவன் குனிவது தெரிந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளுத்தன. வெளிச்சம் பால்போலக் கலங்கியது.

பிறகு தெளிந்தன.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். துவாரத்துக்கு நேராக முகம். அசைவில்லை.

"டேய்."

வெளுத்தது. தெளிந்தது. அவன் சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். பூட்டு விழவில்லை, கைப்பிடி அசைந்தது. ஆனால் உள்ளிருந்து ஏதோ கதவை உறிஞ்சிப் பிடித்திருந்தது. ஓரத்து ரப்பர் பட்டை உட்புறமாகக் குழிந்திருந்தது. கண்ணாடியில் அறைந்தாள். கத்தினாள். தோளில் குழந்தை விழித்துக்கொண்டது.

வெளுத்தது.

தெளிந்தது. முதுகில் சட்டை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"அம்மா." தூக்கம் கலையாத குரல். "மாமா ஏம்மா சின்னதா ஆயிட்டே போறாங்க?"

வெளுத்தது. கார் முழுவதும் ஒருமுறை மெல்ல எழும்பித் தணிந்தது.

தெளிந்தபோது அவன் அவள் பக்கம் திரும்பியிருந்தான். உதவி கேட்கிறவன்போல ஒரு கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தான். வைத்த வேகத்தில் அவனுடைய கைக்கடிகாரம், பூட்டியது பூட்டியபடியே, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

உள்ளே கண்ணாடி மறுபடி வெளுக்கத் தொடங்கியது.