திருப்பதி அரங்கில் உடைந்த வயலின்

பிற்பகல் இரண்டு மணி. திருப்பதி இசை அரங்கின் ஒப்பனை அறையில் ஹரிப்ரியாவின் வயலின் கழுத்து முறிந்து தரையில் கிடந்தது. வில் மட்டும் மேசைமேல் பத்திரமாக இருந்தது.

சர்வதேச இளையோர் செவ்வியல் இசைப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்ததே ஓர் இடம். அதை வென்றவள் பக்கத்து நகரி ஊர் விவசாயியின் மகளான ஹரிப்ரியா. நான்கு மணிக்கு நேரலையில் அவள் வாசிக்காவிட்டால் அடுத்த இடத்திலிருந்த அலர்மேல் வாசிப்பாள்.

எஸ்.ஐ. தாட்சாயணி வந்தபோது, துப்புரவுப் பணியாளர் சென்னம்மாவை மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரிக்கும் முன்பே தீர்ப்பு! தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் இந்தம்மாவை நிக்க வெச்சது?"

"நான்தான்," என்றார் போட்டிக் குழுச் செயலர் ராமானுஜன். வயலின் வித்வான், அலர்மேலின் அப்பா. "பெருக்கறச்சே தள்ளிவிட்டிருக்கா. வேற யாரு?"

"நான் தொடவே இல்லம்மா," சென்னம்மா அழுதாள். "பெருக்கிக்கினு போய்ட்டேன்."

"வேற யார் வந்தது?"

"நான் தண்ணி பாட்டில் வெச்சிட்டுப் போனேன்," என்றார் அரங்க மேலாளர் ஹேமநாத். "அப்பால ராமானுஜன் சாரு உள்ள போனாரு. அலர்மேல் மேடையில மைக் பாத்துக்கினு இருந்துச்சு."

"வயலின் தெரியுமா உங்களுக்கு?"

"எனக்குத் தாளம்கூட வராதும்மா."

ஹரிப்ரியா விசும்பினாள். "வில்லை முறுக்கி ரெடியா வெச்சிட்டு, நைனாவுக்கு போன் பண்ணப் போனேன்."

வில்லின் முடி தொளதொளவென்று இருந்தது. தாட்சாயணி அவள் காதில் ஏதோ சொன்னாள். ஹரிப்ரியா வில்லின் அடியிலிருந்த திருகை முறுக்கி முடியை விறைப்பாக்கி, வில்லை மறுபடி மேசையில் வைத்தாள்.

"எல்லாரும் உக்காருங்க," என்றாள் தாட்சாயணி.

ஹேமநாத் வில்லை ஒதுக்கிவிட்டு மேசையில் கையூன்றினார். சென்னம்மா மேசைப் பக்கமே வரவில்லை.

"நேரத்தை வீணடிக்கறேளே!" என்று கத்திய ராமானுஜன், கத்திக்கொண்டே வில்லை எடுத்தார். விரல்கள் திருகைத் தளர்த்தின.

"ஏன் தளர்த்தினீங்க?"

"முறுக்கியே வெச்சா வில்லு கெட்டுப்போகும், அதான்..." விரல்கள் நின்றன.

"அப்பவும் அதான் செஞ்சீங்க. வயலினை உடைச்சீங்க, வில்லை மட்டும் பழக்க தோஷத்துல தளர்த்தி வெச்சீங்க. சென்னம்மாவுக்கோ ஹேமநாத்துக்கோ அந்தப் பழக்கம் ஏது?"

ராமானுஜன் முகம் வெளுத்தது. "மூணு தலைமுறையா எங்காத்து வித்தை. வயக்காட்டுப் பொண்ணு தேசத்துக்கு வாசிக்கறதாவது..."

"வில்லு மேல இருக்கற அக்கறை ஒரு பொண்ணு மேல இல்லையே உங்களுக்கு! பழியை வேற இந்தம்மா தலையில கட்டப் பாத்தீங்க. வெக்கமா இல்ல?"

வாசலில் அலர்மேல் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அப்பாவைப் பார்க்காமல் உள்ளே வந்து, தன் வயலினை ஹரிப்ரியாவிடம் நீட்டினாள்.

"இன்னும் நேரமிருக்கு. ஸ்ருதி சேர்த்துக்கோ."

தாட்சாயணி ராமானுஜன் கையிலிருந்த வில்லைப் பிடுங்கி ஹரிப்ரியாவிடம் கொடுத்தாள்.