வள்ளித்தாயின் கண்ணுக்கு வளர்த்த செல்

ஓவியா உட்காரக்கூட இல்லை. பட்டாசு விபத்துகளைத் துப்பறியும் விருதுநகர் அலாவுதீனின் மேஜையில் இரண்டு போட்டோ பிலிம்களைப் பொத்தென்று வைத்தாள். "பாய், நாளைக்கு ஒரு பொம்பளையோட கண்ணு நாசமாகப் போகுது. அதுக்கான செல்லை வளர்த்ததுல நானும் இருந்தேன்."

விஷயம் இதுதான். எம். புதுப்பட்டி வள்ளித்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்து வலது கண் வெந்துபோனது. இடது கண்ணின் ஓரத்தில் துளி கிள்ளி, அதிலிருந்த ஸ்டெம் செல்லை ஓவியா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். நாளை அதை வலது கண்ணில் ஒட்ட வேண்டும். இடது கண்ணை இன்னும் ஒருமுறைதான் கிள்ளலாம். அதற்கு மேல் அதுவும் போய்விடும்.

ஆனால் செல்கள் அடங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெருகுகின்றன. கூடத்தில் வளரும்போது செல்லுக்குள் குரோமோசோம்கள் கூடியோ குறைந்தோ கெட்டுப்போவது உண்டு. அப்படிக் கெட்டதை வைத்தால் கண்ணில் கட்டி வரலாம். அதைப் பிடிக்கத்தான் குரோமோசோம்களைப் பிலிமில் படம் எடுப்பது. தொடக்கத்தில் ஓவியா எடுத்த படத்தில் பழுதில்லை. இப்போதைய படத்திலும் இல்லையாம். சந்தேகம் கேட்டதற்குத் தலைவர் சோலைமலை அவளை வேலையை விட்டே துரத்திவிட்டார்.

புதுப் படத்தை யார் எடுத்தது என்று அலாவுதீன் கேட்டார். பிலிம் கழுவும் இருட்டறையின் சாவி இப்போது இருவரிடம்தான் உண்டு என்றாள் ஓவியா. ஒருவர் சோலைமலை, சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் குடும்பம். மற்றவர் கூட வேலை பார்க்கும் அய்யாதுரை, விவசாயம் பார்க்கும் மல்லாங்கிணற்றுச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருவரும் மாறி மாறிக் கை காட்டுகிறார்கள்.

அலாவுதீனின் மச்சினன் தவுபிக்குக்கு அய்யாதுரைதான் என்று உடனே தெரிந்துவிட்டது. அவனுக்கு எந்த வழக்கிலும் உடனே தெரிந்துவிடும். அலாவுதீன் புதுப் படத்தின் மூலையில் பொடியாக இருந்த கூட்டல் குறியைக் காட்டினார். "அது ஏதோ அழுக்கு மச்சான்," என்றான் தவுபிக்.

மாலையில் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். வள்ளித்தாயும் கண்கட்டோடு வந்திருந்தாள். அலாவுதீன் பழைய படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.

"படம் எடுக்கச் செல்லை உடைச்சுக் கண்ணாடியில சொட்டு விடும்போது, ஒவ்வொரு தடவையும் குரோமோசோம் இஷ்டத்துக்குச் சிதறி விழும். விழுந்த மாதிரியே மறுபடி விழாது. இங்கன பாருங்க." புதுப் படத்தைத் திருப்பி அதன்மேல் வைத்தார். வெளிச்சத்தில் ஒரு புள்ளிகூட விலகவில்லை. "புதுசுன்னு சொன்னது, பழைய பிலிமைக் குப்புறப் போட்டு எடுத்தது."

சோலைமலை அய்யாதுரை மேல் பாய்ந்தார்.

"அவரை விடுங்க," என்றார் அலாவுதீன். "பட்டாசு லேபிள்ல இருக்கிற யானை வலப்பக்கம் பார்க்கணும்னா பிலிமைத் திருப்பிப் போடுறது அச்சக வேலை. பிலிம் மேல பிலிம் பொருத்தினா, விலகாம இருக்க மூலையில கூட்டல் குறி போடாம அச்சகத்துல வளர்ந்த கை நிக்காது. பழைய படத்து மேல புதுத் தேதியைப் பொருத்தும்போது நீங்க போட்டிருக்கீக. அய்யாதுரைக்கு அது அழுக்கு மாதிரிதான் தெரியும், எங்க தவுபிக்குக்குத் தெரிஞ்ச மாதிரி."

சோலைமலை உட்கார்ந்துவிட்டார். செல் கெட்டது தெரியுமாம். மாவட்டத்திலேயே முதல் சிகிச்சை என்று பேப்பர்காரர்களை அழைத்தாயிற்றாம், என்ன செய்ய என்றார். இவரெல்லாம் ஒரு படித்த மனுஷன்! தன் போட்டோ பேப்பரில் வர ஒருத்தி கண்ணில் கட்டியை நடத் துணிந்தவரை என்ன சொல்லித் திட்டுவது? அலாவுதீன் போலீசுக்குச் சொல்லியாயிற்று என்று மட்டும் சொன்னார்.

ஓவியா செல் வளர்ந்த தட்டில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினாள். அய்யாதுரை மெதுவாக, மறுபடி முதலிலிருந்து வளர்க்கலாம், ஆனால் இடது கண்ணைக் கிள்ள வேண்டும் என்றார்.

வள்ளித்தாய் சோலைமலையைப் பார்த்தாள். "கம்பெனியில வெடிச்சது தெரியாம நடந்தது. நீங்க தெரிஞ்சே செஞ்சீக." பிறகு ஓவியா பக்கம் திரும்பினாள். "கிள்ளிக்கோ தாயி. ஆனா நீதான் வளர்க்கணும். கெட்டுப்போச்சுன்னா எங்கிட்ட வந்து கெட்டுப்போச்சுன்னு சொல்லணும். எம்புட்டு வலிச்சாலும் நான் கேட்டுக்கிறேன்."