செண்பகம் ஆரி ஒர்க்ஸ் புதுப்பிக்கப்பட்டது

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு இசைவாணி ஆபீஸ் படியேறினாள். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இருக்கும் அந்தப் பழைய ஓட்டு வீட்டை ஆபீஸ் என்று சொன்னால் முதலாளி விருத்தாசலத்துக்கு மட்டும்தான் சந்தோஷம். முன்கூடத்தில் நாலு மேஜை, நாலு கம்ப்யூட்டர். பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு அறை. அந்தக் காலத்தில் நெல் மூட்டை அடுக்கியிருந்த அந்த அறையில் இப்போது ஆறு சர்வர்கள் ராப்பகலாக இரைகின்றன. ஊரில் பாதிக் கடைகளின் வெப்சைட்டுகள் அந்த இருட்டுக்குள்தான் குடியிருக்கின்றன.

மெயிலைத் திறந்தாள். படிக்காதவை முந்நூற்றுப் பன்னிரண்டு.

வெப்சைட் முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு தெரியுமே, அந்தப் பூட்டுக்கு ஆதாரம் ஒரு சர்டிபிகேட். தொண்ணூறு நாளில் அது காலாவதியாகும். அதற்குள் சர்வரே அதைப் புதுப்பித்துவிட்டு, வேலை முடிந்தது என்று ஒரு அலர்ட் அனுப்பும். புதுப்பிக்கிற முறையும் எளிதுதான். சர்டிபிகேட் கொடுக்கிற நிறுவனம் வெளியே இருந்து வெப்சைட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடும். உள்ளே இருப்பது பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் ஆள் இருக்கிறது என்று சர்டிபிகேட். வராவிட்டால் கிடையாது. ஒரு வெப்சைட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு அலர்ட் வந்தாலே அதிகம்.

இங்கே ஒரே வெப்சைட்டுக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி, முந்நூற்றுச் சொச்சம்.

‘செண்பகம் ஆரி ஒர்க்ஸ்: சர்டிபிகேட் புதுப்பிக்கப்பட்டது.’

அந்த வெப்சைட் இப்போது இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் அதை அழித்ததே அவள்தான்.

திண்டிவனத்தில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்துகொண்டிருந்த செண்பகம், மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருஷம் திரும்பியதும் அவள் புருஷன் செல்வகுமார் வெப்சைட்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுக்க வந்தான். ஒரு கையெழுத்துக்கு வந்தவன் ஏதேதோ சாக்குச் சொல்லி மூன்று தடவை வந்தான். நாலாவது தடவை அம்மாவோடு பெண் கேட்டு வந்தான். முப்பத்து மூன்று வயது வரைக்கும் வந்த வரனெல்லாம் தட்டிப்போன இசைவாணிக்கு அவனைப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால், உயிராகப் பிடித்திருந்தது. இன்னும் பதினெட்டு நாளில் கல்யாணம்.

இடையில் ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். மாமியாராகப் போகிற அம்சவள்ளி, போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் முறையாகத்தான் கேட்டாள்.

“சுமங்கலியா போனவம்மா அவ. பம்பக்காரர வெச்சி கெணத்தாண்ட கூப்புட்டு, கொடத்துல வூட்டுக்கு அழைச்சாந்து, பூவாடைக்காரியாயிட்ட அவளுக்குப் புதுப்பொடவ வெச்சிப் படைக்கணும். அப்புறந்தான் நல்ல காரியம்.”

“வேணாம் அத்தை. என் கல்யாணத்துல அவங்க பேரே வரக் கூடாது.”

சொன்ன பிறகு அவளுக்கே வாய் கசந்தது. ஆனாலும் செல்வகுமார் அவள் பக்கம்தான் நின்றான். முதல் அலர்ட் வந்த நேரத்தை இப்போது தேடிப் பார்த்தாள். அவள் போனை வைத்து நாலு நிமிஷம் கழித்து வந்திருந்தது.

“இசைவாணி!” விருத்தாசலம் கையில் டீயோடு வந்து நின்றார். “ரத்த வங்கி சைட்டோட அலர்ட்டு இந்தக் குப்பையில முழுகிப்போச்சு பாரு. ரெண்டு நாளா பூட்டு இல்லாம கெடக்குது. போன் பண்ணித் திட்றாங்க. என்ன பேஜாருன்னு ஜல்தியா பாரும்மா.”

“பழைய வேலை ஏதோ ஓடிக்கினு இருக்குது சார். நிறுத்திடறேன்.”

அப்படி எதுவும் ஓடவில்லை. செண்பகத்தின் போல்டர் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை. கூப்பிட்டால் வந்து சேர வழியே இல்லாத முகவரி அது. கடைசியில், எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அவளும் செய்தாள். அந்தப் பெயரில் எது வந்தாலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி மெயிலுக்கு ஒரு உத்தரவு போட்டாள்.

மதியம் வரை நிம்மதி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது செல்போன் நடுங்கியது.

‘செண்பகம் ஆரி ஒர்க்ஸ்: சர்டிபிகேட் புதுப்பிக்கப்பட்டது.’

ஒரு நிமிஷம் கழித்து மறுபடி. இன்னொரு நிமிஷம் கழித்து மறுபடி.

யார்தான் பதில் கொடுக்கிறார்கள்? சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். வழக்கமாக அங்கே அர்த்தமில்லாத ஒரு நீள எழுத்துக் கோவைதான் பதிலாக இருக்கும். இங்கே வரிக்கு வரி, முந்நூறு வரியிலும், ஒரே வார்த்தை தமிழில் இருந்தது.

‘இருக்கேன்.’

கூடத்தில் ஆள் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இசைவாணி எழுந்து பின்னறைக் கதவைத் தள்ளினாள். ஏசிக் குளிரும் இருட்டும் ஒன்றாக முகத்தில் மோதின. பச்சை விளக்குகள் மட்டும் மினுக்கின. செண்பகத்தின் வெப்சைட் முன்பு இருந்தது கடைசி சர்வரில். குனிந்து அதன் கேபிளைப் பிடுங்கினாள். பிறகு சுவிட்சையும் அணைத்தாள். அந்த மெஷினின் இரைச்சல் இறங்கி, இறங்கி, நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

இழுத்துக் கட்டிய எதையோ சின்னதாக ஒன்று குத்துகிற சத்தம்.

டப். டப். டப்.

அவசரமே இல்லாமல், உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் நிதானத்தோடு. அணைத்த சர்வருக்குப் பின்னாலிருந்து, கஞ்சி மொடமொடப்புக் கலையாத புதுத்துணியின் வாசனை வந்தது.

கையில் போன் நடுங்கியது.

புதுப்பிக்கப்பட்டது.

ஒவ்வொரு மெஷினுக்கும் வீட்டுக் கதவிலக்கம் போல ஒரு எண் உண்டு. பதில் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று போனிலேயே தேடினாள். அணைத்த சர்வரின் எண் இல்லை. மற்ற ஐந்தின் எண்ணும் இல்லை.

அவள் கையில் இருந்த செல்போனின் எண்.

எப்படி வெளியே வந்தாள், எப்படித் தெருமுனை மருந்துக்கடை வாசல் வரை ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. வெயிலில் நின்றுகொண்டு அம்சவள்ளியைக் கூப்பிட்டாள்.

“அத்தை, படையல் போட்டுடலாம்.”

“என்னம்மா திடீர்னு?”

“டப்பு டப்புனு ஒரு சத்தம் கேக்குது அத்தை. புதுத்துணி வாசனை வேற. எனக்கு பயமா இருக்குது.”

“அவ மரச்சட்டத்துல துணிய இழுத்துக் கட்டி ஊசி போடுவா பாரு,” அம்சவள்ளியின் குரல் ரகசியம் போலத் தாழ்ந்துவிட்டது. “அப்டித்தாம்மா கேக்கும். கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு மாப்ள வூட்டு வாசப்படி மிதிக்கிறது மொறையில்ல. ஆனா வேணாம்னு சொன்னவ நீ. நீயே வந்து அவளக் கூப்புடு.”

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் இசைவாணி திண்டிவனம் போய் இறங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டு வாசலில் கால் வைத்தாள். அந்த நிமிஷமே, நாலு நாளாக ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்த போன் அடங்கியது. அப்பாடா, செண்பகத்தின் மனசு குளிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று அவளுக்கு அழுகையே வந்தது.

வீட்டுக்குப் பின்னால் கிணறு. பம்பைக்காரர் சின்னக்கண்ணு செம்புக் குடத்தில் நீர் சேந்தி வைத்து, அதில் ஒரு மல்லிகைப் பூவை மிதக்க விட்டார். பூ தானாகச் சுற்றினால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். பம்பை மேளம் அதிர்ந்தது. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். செல்வகுமார் கூப்பிட்டான். இசைவாணியும் கூப்பிட்டாள்.

பூ அசையவில்லை.

மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டுச் சின்னக்கண்ணு பம்பையைத் தரையில் வைத்தார். அவர் கழுத்தெல்லாம் வேர்வை.

“தண்ணியில ஆள் இல்லம்மா,” என்றார் அம்சவள்ளியிடம் மட்டும் கேட்கிற மாதிரி. “வெளிய வந்துட்டவங்கள எங்கேர்ந்து கூப்புடறது?”

இசைவாணிக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும் ஏனோ பயமாக இல்லை. நாலு நாளாகத் தூங்காத களைப்பு தீர்ந்து உடம்பு லேசாக இருந்தது. கூடத்தில் வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். வந்தது வந்தாயிற்று, படையலாவது போட்டுவிடுவோம் என்று அம்சவள்ளி அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம். பிறகு, வேலை மும்முரத்தில், ஏழு வருஷம் மருமகளை ஏவிய பழக்கத்தில், அவள் குரல் வந்தது.

“செண்பகம், அந்தப் பித்தளத் தாம்பாளத்த எடுத்தாம்மா.”

சொன்ன வேகத்தில் அந்தக் குரல் திகைத்து நின்றது.

“இதோ அத்தை.”

இசைவாணி எழுந்து போனாள். நடையைத் தாண்டி இடது பக்கம் திரும்பினாள். சாமான் அறையில் விளக்குப் போடாமலே மேல்தட்டில் கைவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் செருகியிருந்த தாம்பாளத்தை உருவினாள். முந்தானையால் தூசியைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

அடுப்படி வாசலில் அம்சவள்ளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சின்னக்கண்ணு பம்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“இசை…” என்றான் செல்வகுமார்.

அவள் படையல் இலைக்கு முன்னால் மண்டியிட்டு, தாம்பாளத்தை நேராக வைத்தாள்.

“இசைவாணி!”

அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.