முதல் பக்கத்தில் ஆளைக் காணோம்!

"ஐயய்யோ... கொன்னுட்டாங்க!"

காலை எட்டு மணி பத்து நிமிடம். அலறல் வீட்டின் முன்னறையிலிருந்து வந்தது.

மாடியிலிருந்த மனைவி இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கினாள். கையில் தையல் கத்தரிக்கோல்!

முன்னறையில் ரத்தம் இல்லை. பிணமும் இல்லை. நாற்காலியில் அவளுடைய கணவர் மட்டும் சரிந்து கிடந்தார். கையில் நேற்று மாலை வாங்கிய புது போன்.

"யாரைக் கொன்னுட்டாங்க?"

"நம்ம வெப்சைட்டை!"

கத்தரிக்கோல் தாழ்ந்தது.

"அவ்வளவுதானா?"

"என்ன அவ்வளவுதானா? இருபத்திரண்டு வருஷ உழைப்புடி! நேத்து வரைக்கும் நெட்ல 'துப்பறியும் நிறுவனம்'னு தேடினா முதல் ஆளா நான் வருவேன். இப்போ பாரு... முதல் பக்கத்துல இல்ல! ரெண்டுல இல்ல! மூணுல இல்ல!"

"நாலுல?"

"நாலுலதான் கிடக்கு. அதுவும் ஒரு நாய் பயிற்சிப் பள்ளிக்குக் கீழ!"

மனைவியின் உதடு துடித்தது. அது அழுகையா, சிரிப்பா என்று கவனிக்க அவருக்கு நேரமில்லை.

"எனக்குத் தையல் கிளாஸுக்கு ஆள் வர்ற நேரம். நீங்க அழுது முடிச்சுட்டுக் குளிங்க" என்று சொல்லிவிட்டு அவள் மாடி ஏறினாள்.

ஊரில் அவரைப் பருந்து என்பார்கள். 'பருந்துக்கண் துப்பறியும் நிறுவன'த்துக்கு அவரே முதலாளி, அவரே துப்பறிவாளர், வாசல் மணி அடித்தால் கதவைத் திறப்பவரும் அவரே. போன மாதம் மட்டும் ஐந்து கேஸ்களை முடித்திருந்தார். மூன்று பூனைகள், ஒரு சைக்கிள், ஒரு பல்செட். பல்செட் அதன் சொந்தக்காரர் வாயிலேயே இருந்தது. இருந்தால் என்ன? கண்டுபிடித்தாரா இல்லையா!

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போனை எடுத்து, 'துப்பறியும் நிறுவனம்' என்று தேடுவார். தன் பெயர் முதலில் வரும். அதை ஆசையாக அமுக்குவார். பிறகுதான் அவருக்கு அன்றைய பொழுது விடியும். மூன்று வருடமாக இதே கதை. நேற்று மதியம் அந்தப் பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டது.

இன்று வெப்சைட்டும் போய்விட்டது!

'எவனோ சதி பண்ணியிருக்கான்... எவன்?'

பருந்து பல்லைக் கடித்தார். இன்னும் துலக்காத பல்.

ஒன்பதரை மணிக்கு வாசல் மணி அடித்தது. வந்தவள் அவருடைய வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண். எந்நேரமும் தட்டிக்கொண்டே இருப்பதால் எல்லோரும் அவளை 'கீபோர்டு' என்றே கூப்பிடுவார்கள். தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி வெப்சைட்டை மேலே கொண்டுவருவதுதான் அவள் தொழில்.

அவள் உள்ளே வந்ததும் பருந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"எ... என்ன சார்? எதுக்குத் தாழ்ப்பாள்?"

"உட்காரு பாப்பா. நேத்து இதே நாற்காலியில உட்கார்ந்து என் வெப்சைட்டை என்ன பண்ணினே?"

"உங்க போட்டோவைச் சின்னதாக்கலாம்னு பார்த்தேன் சார்."

"பொய்!"

"சத்தியமா சார்! நீங்க பூதக்கண்ணாடி பிடிச்சிட்டு நிக்கிறீங்களே, அந்தப் போட்டோ ரொம்பப் பெருசு. முழுசா தெரியறதுக்குள்ள வந்தவங்களுக்குப் பொறுமை போயிடுது. பாதி மூக்கு தெரியறப்பவே ஓடிடறாங்க. ஒரு வருஷமா கெஞ்சிட்டிருக்கேன்."

"என் மூக்கு பேச்சை எடுக்காதே!"

"அப்புறம், 'சிறந்த துப்பறிவாளர்'னு ஒரே பக்கத்துல நாற்பத்தேழு தடவை எழுதி வச்சிருக்கீங்க. ஒருத்தன் உங்ககிட்ட வந்து 'நான் நல்லவன், நான் நல்லவன்'னு நாற்பத்தேழு தடவை சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"சட்டையைப் பிடிப்பேன்."

"அதையேதான் தேடுபொறியும் பண்ணுது சார்!"

பருந்து ஒரு விநாடி திணறினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். திணறும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவது அவர் வழக்கம்.

"நேத்து நீ தண்ணி குடிக்க உள்ள போனே. அப்போ உன் லேப்டாப்பைப் பார்த்தேன். அதுல இன்னொரு வெப்சைட்டோட உள்பக்கம் திறந்திருந்தது. எதுன்னு சொல்லட்டுமா? 'நிழல் துப்பறியும் நிலையம்'!"

கீபோர்டின் முகம் வெளுத்தது.

நிழல்... பருந்தின் பரம எதிரி! முதலாளியின் போட்டோ கிடையாது. விலாசம் கிடையாது. ஒரே ஒரு போன் நம்பர்தான். ரொம்ப நாளாகப் பருந்தின் பழைய போனில் அவருக்கு அடுத்தபடியாக இரண்டாவது இடத்தில் இருந்தது. இன்று புதுப் போனில் முதல் இடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"அவனுக்கும் நீதான் வேலை பாக்கறே. என்னைக் கீழ தள்ளிட்டு அவனைத் தூக்கி மேல வச்சுட்டே. சரிதானே?"

"அவங்களுக்கும் நான்தான் சார் பாக்கறேன். ஆனா உங்களை நான் தள்ளவே இல்ல!"

"யார் அவன்?"

"சொல்ல மாட்டேன்."

"பேரைச் சொல்லு!"

"யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"அப்படியா? பதினோரு மணிக்கு என் மச்சான் வர்றான். இன்ஸ்பெக்டர். நீ நம்பிக்கை மோசடி பண்ணிட்டேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். ஒண்ணு, அவன் யாருன்னு சொல்லு. இல்லேன்னா ஸ்டேஷனுக்குக் கிளம்பு!"

கீபோர்டு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? சலூன்காரர், செருப்பு தைக்கிறவர், பல் டாக்டர் என்று பதினொரு பேர் தங்கள் பாஸ்வேர்டுகளை வீட்டுச் சாவி மாதிரி அவளிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். மோசடிப் புகாரில் ஒரு தடவை ஸ்டேஷன் படி ஏறினால் போதும். பிறகு யார் கொடுப்பார்கள்? அத்தோடு தொழில் காலி.

கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் மாடிப்படி ஏறுவது தெரிந்தது. கையில் துணிப்பை. கண்கள் அழுது சிவந்திருந்தன. பருந்து அவளைக் கூர்ந்து கவனித்தார்.

'பாவம், ஊசியில நூல் கோக்க வரலை போலிருக்கு' என்று துப்பறிந்து முடித்தார்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. பருந்து தாழ்ப்பாளைத் திறந்தார்.

"என்ன மாமா... கொலைன்னு சொன்னீங்க. பிணம் எங்கே?" என்றபடி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பருந்தின் மனைவிக்குத் தம்பி. தொப்பியைவிடத் தொப்பை முன்னால் வரும்.

பருந்து போனை நீட்டினார்.

"வெப்சைட்டா? ஒரு வெப்சைட்டுக்காகவா ஜீப்பை எடுத்துட்டு வந்தேன்?"

"கொலைகாரி இவதான் மச்சான். பிடிச்சிட்டுப் போ!"

"சார், ஒரே ஒரு நிமிஷம்!" கீபோர்டு சட்டென்று எழுந்தாள். பயம் ஓர் எல்லைக்கு மேல் போனால் தைரியமாகிவிடும். அவள் அந்த எல்லையைத் தாண்டியிருந்தாள். "பருந்து சார், ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்களுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பறேனே... திறந்து பார்த்திருக்கீங்களா?"

"முதல் இடத்துல இருக்கறவனுக்கு ரிப்போர்ட் எதுக்கு?"

"இப்போ பாருங்க!"

லேப்டாப்பைத் திருப்பினாள். இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார்.

"போன வாரம், நாலாம் பக்கம். போன மாசம், நாலாம் பக்கம். போன வருஷம்... அஞ்சாம் பக்கம். மாமா, நீங்க முன்னேறியிருக்கீங்க!"

"பொய்! என் கண்ணால பார்த்தேன்! தினமும் முதல் ஆளா வந்தேன்!"

"எதுல பார்த்தீங்க சார்?"

"என் போன்ல."

"தினமும் எத்தனை தடவை தேடுவீங்க?"

"ஒரு... இருபது, முப்பது தடவை."

"தேடிட்டு?"

"என் பேரை அமுக்குவேன்."

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

"அந்தப் போனுக்கு உங்களுக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சுபோச்சு சார். அதனால உங்களையே முதல்ல காட்டுச்சு. உங்களுக்கு மட்டும்! நேத்து பாஸ்வேர்டு மறந்துபோய்ப் புதுக் கணக்கு திறந்தீங்களே... இந்தப் போனுக்கு உங்களை இன்னும் தெரியாது. அதான் உள்ளதை உள்ளபடி காட்டுது. உங்க வெப்சைட்டை யாரும் கொல்லல சார். அது முதல் இடத்துக்கு வந்ததே இல்ல!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க... ஸ்டேஷன்ல நாங்களே ஏதாவது ரகசியமா விசாரிக்கணும்னா நிழல்கிட்டதான் கேப்போம். ஏட்டுதான் போன்ல பேசுவார். கில்லாடி ஆளுன்னு சொல்வார்!"

"என்கிட்ட ஏன்டா கேக்கல?"

"பூனை எதுவும் தொலையல மாமா."

பருந்து நொறுங்கிப் போனார். மூன்று வருடமாக ஊரே தன்னை முதலில் பார்க்கிறது என்று நம்பி, நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர். அவமானம் காது வரை சுட்டது. ஆனால் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதே!

"அப்போ போன மாசம் வந்த அஞ்சு கேஸ்? 'நெட்ல பார்த்துட்டு வந்தோம்'னு அஞ்சு பேரும் சொன்னாங்களே? நாலாம் பக்கம் வரைக்கும் எவன் வருவான்?"

கீபோர்டு தலை குனிந்தாள்.

"அதையும் நான் சொல்ல முடியாது சார்."

"பார்த்தியா மச்சான்! நிழலும் இவளும் சேர்ந்து என்னமோ பண்றாங்க. குடு உன் ஸ்டேஷன் போனை. என் நம்பர்ல கூப்பிட்டா உஷாராயிடுவான். இன்னைக்கு அவன் குரலையாவது கேக்காம விடமாட்டேன்!"

"வேண்டாம் சார்!" கீபோர்டு பதறினாள்.

பருந்தின் விரல் அமுக்கியது.

ட்ரிங்...

முதல் மணி அவர் காதுக்குள் ஒலித்தது.

ட்ரிங்...

இரண்டாவது மணி காதுக்குள் மட்டும் ஒலிக்கவில்லை. தலைக்கு மேலேயும் ஒலித்தது!

மூன்று தலைகளும் கூரையைப் பார்த்தன.

"வணக்கம். நிழல் துப்பறியும் நிலையம். உங்க ரகசியம் எங்க பொறுப்பு. சொல்லுங்க!"

பருந்தின் கையிலிருந்து போன் நழுவியது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். இருபது வருடமாகத் திட்டு வாங்கிய குரல்!

"அக்கா...?" என்றார் இன்ஸ்பெக்டர். தொப்பை கூட உள்ளே போய்விட்டது.

படிகளில் காலடி ஓசை. மனைவி இறங்கி வந்தாள். போன் காதில் இருந்தது. முதலில் தம்பியைப் பார்த்தாள், பிறகு கணவரை. கடைசியாக, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கீபோர்டைப் பார்த்தாள்.

அவள் முகம் மாறியது.

"இந்தப் பொண்ணை யார் அழ வச்சது?"

இன்ஸ்பெக்டரின் விரல் பருந்தைக் காட்டியது.

"நான் சொல்லல மேடம்," என்றாள் கீபோர்டு. "ஜெயிலுக்கு அனுப்பறேன்னாங்க. அப்பவும் சொல்லல."

மனைவி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் நிழல். இப்போ என்ன? மூணு வருஷத்துக்கு முன்னாடி, நானும் உங்க கூடத் துப்பறிய வர்றேன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"ஞா... ஞாபகம் இல்லையே..."

"'மூளை வேணும்டி இதுக்கு'ன்னீங்க. பேசாம மாடிக்குப் போயிட்டேன்."

"அப்போ தையல் கிளாஸ்?"

"மூணு வருஷத்துல ஒரு சட்டையாவது தைச்சு வெளிய வந்திருக்கா? அழுதுட்டே மேல போற பொம்பளைங்க, கீழ வர்றப்போ சிரிச்சுட்டே வர்றாங்களே... ஏன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?"

பருந்து கூரையை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"ஆனா... முதல் இடத்துக்கு எப்படி வந்தே?"

"உங்க வெப்சைட் பூரா உங்க பெருமை. என்னோடதுல வர்றவங்களோட கேள்வி. 'மாப்பிள்ளையைப் பத்தி எங்கெங்க விசாரிக்கணும்?' 'வேலைக்குச் சேர்றவன் சொல்றது நிஜமா?' 'மொட்டைக் கடுதாசி வந்தா முதல்ல என்ன பண்ணணும்?' ஒவ்வொண்ணுக்கும் நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். எப்படி எழுதினா ஜனங்க கண்ணுல படும்னு இவ சொல்லிக் குடுத்தா. ஜனங்க படிச்சாங்க, நாலு பேருக்குச் சொன்னாங்க. இடம் தானா மேல வந்தது."

"அந்த அஞ்சு கேஸ்...?"

"நான்தான் உங்ககிட்ட அனுப்பினேன். பூனைன்னா எனக்குத் தும்மல் வரும். 'நெட்ல பார்த்தோம்'னு சொல்லச் சொன்னதும் நான்தான்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதைக் கேட்டா உங்க முகம் சின்னக் குழந்தை மாதிரி ஆயிடும். எனக்கு அதைப் பார்க்கணும்."

பருந்து கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். முடியவில்லை. எழுந்து வந்து கீபோர்டின் முன்னால் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. என்னை மன்னிச்சுடு."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார்." அவள் மூக்கை உறிஞ்சினாள். அடுத்த நொடியே விரல்கள் கீபோர்டுக்குப் போய்விட்டன. "ஒரு விமர்சனம் எழுதுங்க. உங்களுக்கில்ல... மேடம் வெப்சைட்டுக்கு. நல்ல விமர்சனம் வந்தா முதல் இடம் அசையாம நிக்கும்."

"நானா?"

"உங்களைவிடப் பொருத்தமான ஆள் யாரு சார்?"

பருந்து உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார்.

'இவர்களோடு ஒரே வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். இவர்கள் யார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ரகசியம் காப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. இப்படிக்கு, இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள துப்பறிவாளர்.'

இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது அவருக்குச் சுலபமான வேலை அல்ல.

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது? நாலு ஸ்டார்தான் குடுத்திருக்கீங்க? அஞ்சாவது எங்கே?"

"காலையில இருந்து எனக்கு ஒரு வாய் டீ வரலையே!"

"டீத்தூள் எந்த டப்பாவுல இருக்குன்னு நீங்களே போய்க் கண்டுபிடிங்க... முடியலைன்னா நிழலுக்குப் போன் பண்ணுங்க!"